ஹெல்மெட்டை அடித்துப் பார்ப்பவள்

வெளிநாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து மாதிரி ஹெல்மெட்டுகள் வந்தால், பெட்டியைப் பிரித்த கையோடு அவற்றை அடித்து நொறுக்கப் பார்ப்பதுதான் அவள் வேலை. கம்பெனியில் அவளைச் சம்மட்டியக்கா என்பார்கள். பின்னறை மேசையில் முடுக்கி வைத்த இரும்புத் தலைக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்ததும் அதே வாயாடிகள்தான். மாப்பிள்ளைக்கு ஹெல்மெட்டை மாட்டி, சம்மட்டியைத் தூக்கி ஓங்கி ஒரே போடு போடுவாள். சில்லுகள் சுவரில் போய் அடிக்கும். வெளியே எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிற பெண், இந்த அறைக்குள் ஆளே வேறு.

முதலாளி அவளுடைய அண்ணன். அவள் கையில் உடைந்த சரக்குக்கு அவன் ஆர்டர் போட்டதே இல்லை.

அந்தத் தடவை வந்தது தங்கமான சரக்கு. எத்தனை அடி வாங்கியும் கீறலோடு தப்பியது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. மிச்ச மாதிரிகளைப் பின்னால் இருக்கும் பெயிண்ட் கொட்டகைக்கு அனுப்பி, கம்பெனிப் பெயரைச் சிவப்பில் அடிக்கச் சொல்லி, கடைக்காரர்களிடம் காட்டி வாக்கும் கொடுத்துவிட்டான். ஒன்றைத் தானே மாட்டிக்கொண்டு வண்டியில் சுற்றினான்.

பெயிண்ட் அடித்ததையும் அடித்துப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது, ஆர்டர் போகவிருந்த அன்று காலையில்தான். ஒரே அடி. மண்சட்டி மாதிரி பிளந்தது. அடுத்ததும் பிளந்தது. முதலில் அடிவாங்கிய, பெயிண்ட் படாத ஒன்று மூலையில் கிடந்தது. அதை வெறிகொண்டு அடித்தாள். கை மரத்ததுதான் மிச்சம். உடைந்த விளிம்பை முகர்ந்தாள். குப்பென்று, பெயிண்ட்டில் கலக்கும் தின்னர் நெடி.

சத்தம் கேட்டு அண்ணன் ஓடிவந்தான், தலையில் ஹெல்மெட்டோடு.

"என்னது இது? ஏமாத்திட்டானா அந்தப் பாவி?"

"அவன் சரக்குல குத்தமில்லண்ணே. நம்ம பெயிண்ட்தான். தின்னர் பட்டு மேல் ஓடு நொறுங்கிப்போவுது. பெயிண்ட்டை நிறுத்து, இல்லேன்னா ஆர்டரை நிறுத்து."

கொட்டகை அவன் பார்த்துப் பார்த்துக் கட்டியது. சாவிக்கொத்தைச் சுவரில் விட்டெறிந்தான்.

"கடைக்காரங்க முன்னால என் மானத்த வாங்கணும், அதானே ஒனக்கு?"

"வாங்கிப் போடறவன் மண்டை பிளக்கும்ணே. செத்துடுவான்."

பளாரென்று அறைந்தான். உதடு கிழிந்து, வாயில் ரத்தம் கரித்தது. பெற்றவர்கள்கூட அவள்மேல் கைவைத்ததில்லை.

"அவ்ளோ நிச்சயமா சொல்றியா? இந்தா, அடி! என் தலையில அடிடீ பாக்கலாம்!" குனிந்து தலையை நீட்டினான்.

சம்மட்டி அவள் கையில்தான் இருந்தது. தலைக்கு மேல் தூக்கினாள். கன்னம் எரிந்தது. அடிக்க வேண்டும் போலவே இருந்தது, அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. தூக்கிய கை அப்படியே நின்றது.

பிறகு சம்மட்டியை இறக்கினாள். அவன் தாடைவாரை அவிழ்த்து, ஹெல்மெட்டைப் பிடுங்கி மாப்பிள்ளைக்கு மாட்டினாள். அரை மனசாக ஒரு தட்டுத் தட்டினாள். நடுவகிடாகப் பிளந்து, இரண்டு துண்டும் தரையில் விழுந்தன.

அண்ணனின் கை தானாக உச்சந்தலைக்குப் போனது.

"ஏய்... நீ மட்டும் அடிச்சிருந்தா?"

"அடிக்கத்தாண்ணே தூக்கினேன்." உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "நீ என் அண்ணன்னு நடுவுல ஞாபகம் வந்துச்சு. லாரிக்கு அந்த ஞாபகம் வராது."

அவன் சில்லுகளுக்கு நடுவே உட்கார்ந்து, முதல் கடைக்காரருக்குப் போன் போட்டான்.