சத்தத்தைக் குறைத்து வைத்த கேசட்

போன வாரம் கல்லூரிக்கு என் பெயரில் ஒரு கடிதம் வந்தது. அதைப் படித்ததிலிருந்து மனசுக்குள் ஒருவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவர் எனக்குச் செய்த உதவி என்ன தெரியுமா? “முடியாது” என்று சொன்னார்!

நான் விலங்கியல் நடத்துகிறேன். எங்கள் துறையில் ஒரு பழைய பீட்டா வீடியோ கேசட் உண்டு. தூக்கணாங்குருவி கூடு கட்டும் படம் — இருபது நிமிடம். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுத் தொங்கிக்கொண்டே கூப்பிடும். பெண் குருவி வந்து பார்க்கும். பிடிக்கவில்லையா... பறந்துவிடும்! இதையெல்லாம் கரும்பலகையில் வரைந்து காட்டவா முடியும்?

ஒரே தொந்தரவு, பின்னணியில் பேசும் அம்மாள். “இதோ... பறவையானது... நாரினை...” என்று இழுப்பார். மாணவிகள் கொல்லென்று சிரிப்பார்கள். நான் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு நானே விளக்குவேன்.

இந்த வருஷம், அதை ஓட்டிக்காட்டும் கல்லூரியின் பீட்டா டெக் உயிரை விட்டது. புதிதாக வாங்கியது வி.எச்.எஸ். என்கிற வேறு ரகம். அதில் இந்தக் கேசட் நுழையவே நுழையாது. நாடாவில் வேறு அங்கங்கே பூஞ்சை. இன்னொரு மழைக்காலம் தாங்காது.

எனக்குத் தெரிந்து காரைக்குடியில் ஓடுகிற பீட்டா டெக் ஒன்றுதான். வீடியோ கடை அருளப்பன் அண்ணனுடையது. கொத்தமங்கலத்து வீடு ஒன்றில் கல்யாணச் சீராக வந்து, பெட்டி பிரிக்காமலே வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்ததை வாங்கிவந்தாராம்.

ஓடினேன்.

“அண்ணே, இதை வி.எச்.எஸ்.ல ஏத்திக் குடுங்க. அந்தம்மா பேச்சை எடுத்துட்டு என் குரலைப் போட்டுருங்க.”

“படம் யாருது டீச்சர்?”

“யாரோ மெட்ராஸ்காரர்.”

“அவுககிட்ட கேட்டீகளா?”

“பாடம் நடத்தத்தானே அண்ணே! யாருக்குத் தெரியப்போகுது?”

“போன வருஷம் நானும் இப்படித்தான் நெனச்சேன். புதுப்படத்தக் காப்பி போட்டேன்னு ஜீப்புல ஏத்திட்டாக. எம் பொண்டாட்டி ஸ்டேஷன் வாசல்ல நின்னு அழுதா. அன்னைக்கு மாதாகிட்ட சத்தியம் பண்ணிட்டேன். லெட்டர் வாங்கிட்டு வாங்க, போட்டுத் தாரேன்.”

“அதுக்குள்ள பூஞ்சை தின்னுருமே!”

“குருவியத்தான திங்கும்? என்னைய உள்ள வைக்காதுல்ல?”

வந்த கோபத்துக்கு அளவில்லை. கேசட் உறையிலிருந்த விலாசத்துக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் எழுதிப் போட்டேன். ‘பிரதி எடுக்க அனுமதி வேண்டும். பின்னணிக் குரல் வகுப்புக்குப் பொருந்தவில்லை, அதையும் மாற்றிக்கொள்ளலாமா?’ — இப்படித்தான் எழுதினேன். என்ன திமிர் பாருங்கள்!

பத்து நாளில் பதில்.

‘தாராளமாக எடுங்கள். எங்களிடமிருந்த கேசட் கெட்டுப்போய் வெகு நாளாகிறது. எங்களுக்கும் ஒன்று அனுப்ப முடியுமா? குரலை மாற்றுவது உங்கள் விருப்பம். எங்கள் பிரதியில் மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். பேசியிருப்பவர் என் மனைவி. தொண்டையில் ஆபரேஷன் நடந்து, நான்கு வருஷமாக அவருக்குப் பேச்சில்லை. அவர் குரல் வேறெதிலும் பதிவாகவில்லை.’

அருளப்பன் அண்ணன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“இந்தம்மா பேச்சத்தான எடுக்கச் சொன்னீக?”

கேட்டுக்கொண்டே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நாடாவைப் பஞ்சால் பதமாகத் துடைத்துவிட்டு, டெக்கில் போட்டார்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக முழுசாகக் கேட்டேன். அந்த அம்மாள் இழுக்கவில்லை. குருவி நாரோடு திரும்பி வரும்வரை காத்திருந்து, அடுத்த சொல்லைச் சொல்கிறார்! இரண்டு பிரதியிலும் அவர் குரலையே விட்டு, ஒன்றை மெட்ராஸுக்கு அனுப்பிவைத்தேன்.

காப்பிரைட் என்றால் நம்மை மிரட்டுகிற சட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு படத்துக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள், கேட்டால் பதில் சொல்வார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கேட்காமலே பிரதி எடுத்திருந்தால்? பழைய கேசட்டைப் பூஞ்சைக்கு விட்டுவிட்டு, என் குரலோடு நிம்மதியாகப் பாடம் நடத்தியிருப்பேன்.

போன வாரம் வந்தது அந்த அம்மாளின் கடிதம். அவர் கைப்பட.

‘இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். ரொம்ப இழுக்கிறேன், இல்லையா? பிள்ளைகள் சிரித்தார்களா?’

சிரித்தார்கள் என்று உண்மையையே எழுதிவிட்டேன். நானும் சிரித்ததாக எழுதினேன். கடை வாசலில் நின்று அருளப்பன் அண்ணனுக்கும் அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

“எனக்கு ஒரு தேங்க்ஸும் கிடையாதா டீச்சர்?”

இதோ சொல்லிவிட்டேன் அண்ணே, ஊரறிய. மாணவிகள் இப்போதும் சிரிக்கத்தான் செய்கிறார்கள்... நான்தான் சத்தத்தைக் குறைப்பதில்லை!