அறுந்துபோக வேண்டிய முத்துமாலை

ஷுப்ராவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில், நாலாவது மாடியில், என் வீட்டுக்கு எதிர்க் கதவு உல்ஃபத்தினுடையது. அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. மேசை முழுக்கப் பழைய கம்பளி ஒன்றை விரித்து வைத்திருப்பாள், மணிகள் உருண்டு ஓடாமல் இருக்க. அதன்மேல் தேநீர்த் தட்டுகளிலும் மீன் டப்பா மூடிகளிலும் கண்ணாடி முத்துகள், கறுப்புப் பாசிகள், பித்தளைக் கொக்கிகள். அவள் கணவர் ஷவ்கி ட்ராம் ஓட்டுபவர். வேலை முடிந்து வந்தால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில்தான் சாப்பிடுவார். ஒருநாள் கீரைக் குழம்புச் சோற்றில் ஒரு முத்து கடிபட்டது. அதை எடுத்துக் கழுவித் துடைத்து மனைவியிடம் நீட்டினார்.

"இந்தா, உன் பிள்ளை ஒண்ணு வழி தவறி என் வாய்க்குள்ள வந்துடுச்சு."

அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கீறல் இல்லை என்று தெரிந்ததும் தட்டில் போட்டுக்கொண்டாள். தன் பல்லைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவர் அதைப் பல வருஷம் சொல்லிக் காட்டினார்.

நான் சொல்வது எண்பதுகளின் நடுப்பகுதி. நான் அப்போது பெண்கள் பள்ளி ஒன்றில் பூகோள ஆசிரியையாக இருந்தேன். உல்ஃபத் கல்யாணத்துக்கு முன்னால் மணப்பெண் உடை தைக்கும் கடையில் வேலை செய்தவள். முக்காட்டு விளிம்பில் முத்து வைத்துத் தைப்பதுதான் அவள் வேலை. மகள் நிஹால் பிறந்த பிறகு அதை விட்டுவிட்டாள். அந்த மகள் பெயரால்தான் கட்டடம் முழுக்க அவளை உம்மு நிஹால் என்று கூப்பிட்டது.

அவள் வீட்டில் மாலை கோக்க ஆரம்பித்தது நாத்தனார் கல்யாணத்தின்போது. கீழ்த்தெருவில் முடி அலங்காரம் செய்யும் கடையில் பாரிஸ் பத்திரிகை ஒன்று கிடந்தது. அதில் பெரிய நாகரிக உடை நிறுவனம் ஒன்றின் விளம்பரம். நாலைந்து சரம் முத்து, நடுநடுவே கறுப்புக் கல், கழுத்தை ஒட்டி அடுக்கடுக்காக. இவள் அந்தப் பக்கத்தைக் கேட்டாள். கடைக்காரி தரமாட்டேன் என்றாள். அந்த வாரம் முழுக்க உல்ஃபத் ஏதாவது சாக்குச் சொல்லிப் போய்த் தலையை அலசிக்கொண்டு, சூடான காற்றுக்குக் கீழே உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமுடி வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் மாலை மனசில் ஏறிவிட்டது. மூஸ்கி சந்தைக்குப் போய்க் கண்ணாடி முத்து வாங்கிவந்து கோத்தாள்.

படத்தில் முன்பக்கம்தான் தெரியும். அந்தப் பெண்ணின் பிடரியில் மாலை எப்படி முடிகிறது, கொக்கி எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? உல்ஃபத் தன் யோசனைப்படி, பின்கழுத்தில் சின்னக் குஞ்சம் ஒன்று தொங்கவிட்டாள். கல்யாணத்தில் பெண்கள் முன்பக்கத்தைவிட அதைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். காப்பியடித்தாயா என்று யாரோ குத்தலாகக் கேட்டதற்கு, "முன்னாடி பாரிஸ்காரன் செஞ்சான். பின்னாடி நான் செஞ்சேன். அவனுக்கு வேணும்னா என்னைப் பார்த்துக் காப்பியடிச்சுக்கட்டும்," என்றாள்.

அதன்பிறகு அந்த மேசை ஓயவில்லை. மதியம் பள்ளி விட்டு வந்ததும் நான் உடை மாற்றிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விடுவேன். இரண்டாவது மாடியில் இருந்த நர்ஸ் தெரேஸும் வருவாள். இரவு வேலை பார்த்த கண்ணோடு கொட்டாவி விட்டபடி அளவு வாரியாக முத்துப் பிரிப்பாள். ரேடியோவில் தொடர் ஓடும். கீழே ட்ராம் மணி அடித்தால் உல்ஃபத் தலையைத் தூக்காமலே, "இது அவர் இல்ல. அவர் அடிச்சா ரெண்டு தட்டுத் தட்டுவார்," என்பாள். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுப் பூண்டு வதக்கும் வாசனை வரும். நாங்கள் என்ன பேசினோம் என்று இப்போது யோசித்தால் ஒன்றும் நினைவில்லை. யார் யாரைக் கட்டினார்கள், எந்தக் கடையில் சர்க்கரை வந்திருக்கிறது, இப்படி ஏதாவது. ஆனால் விரல் நுனியில் முத்தின் குளிர்ச்சி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

உல்ஃபத்தின் வேலையில் ஒரு பிடிவாதம் உண்டு. மற்றவர்கள் வெறுமனே கோத்துத் தள்ளுவதை அவள் பட்டு நூலில், ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் முடிச்சுப் போட்டுக் கோப்பாள். ஊசிமுனையால் முடிச்சை முத்தின் கழுத்துவரை நகர்த்தி இறுக்குவாள். நேரம் இரண்டு மடங்கு ஆகும். எதற்கு இந்தப் பாடு என்று தெரேஸ் சலித்துக்கொண்டால் பதில் சொல்லமாட்டாள்.

ஒருநாள் மதாம் ஷாஹிரா என்ற அம்மாள் நாலு மாடி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார். தொலைக்காட்சித் தொடர்களுக்கு உடையும் நகையும் ஏற்பாடு செய்பவர். தெரேஸின் மருத்துவமனையில் டாக்டர் மனைவி ஒருத்தியின் கழுத்தில் உல்ஃபத்தின் மாலையைப் பார்த்துவிட்டு விசாரித்து வந்திருக்கிறார். வரும் ரமளானுக்கு ஒரு தொடர். கதாநாயகி பாஷா பட்டம் பெற்ற பெரிய பிரபு வீட்டு மருமகள். அவள் கழுத்துக்கு வெளிநாட்டு மாலை ஒன்று வேண்டும், அசலை வாங்கித்தர யாரும் இல்லை என்று பத்திரிகைத் துண்டு ஒன்றை மேசைமேல் வைத்தார்.

உல்ஃபத் அந்தத் துண்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். அந்த மாலைக்காக மூஸ்கியில் கடை கடையாக ஏறி இறங்கினோம். முத்து ஒன்றுக்கொன்று நிறம் ஒத்துவரவேண்டும் என்று ஒரு கொத்தை வாசல் வெயிலுக்கும் கடை நிழலுக்கும் மாறிமாறித் தூக்கிப் பார்த்தாள். ஷவ்கிகூட விடுமுறை நாளில் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்து நூலுக்கு மெழுகு பூசிக் கொடுத்தார். முடிந்ததும் உல்ஃபத் அதை என் கழுத்தில் மாட்டிப் பார்த்தாள். ஐந்து சரமும் தோளில் விழுந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். மதாம் ஷாஹிரா வந்து பஞ்சில் சுற்றி எடுத்துப்போனார். எந்தக் காட்சிக்கு என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்துப் படப்பிடிப்பு நடக்கும் இடத்திலிருந்து கார் வந்தது, உடனே வரச்சொல்லி. தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பெரிய கூடம் மாதிரி அமைத்திருந்தார்கள், பளிங்குத் தரை, தங்கப் பூச்சு நாற்காலிகள். நடுவில் நடிகை கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. கணவன் இன்னொருத்தியைக் கட்டிவிட்டான் என்று கேள்விப்பட்டு, கதாநாயகி அவன் கொடுத்த மாலையைப் பிய்த்து அவன் காலடியில் வீசவேண்டும். நடிகை காலையிலிருந்து இழுக்கிறாள். மாலை அறுபடவில்லை. கத்தரியால் ஓர் இடத்தில் நறுக்கிவிட்டு இழுக்கச் சொன்னார்களாம். ஒரே ஒரு முத்து மட்டும் டொக்கென்று விழ, மிச்சம் பாம்புச் சட்டை மாதிரி கையோடு வந்ததாம். கணவனாக நடித்தவர் சிரித்துவிட்டாராம்.

உல்ஃபத் இயக்குநரைப் பார்க்கவில்லை. நேராக நடிகையிடம் போய், அந்தக் கோட்டைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள்.

"விடும்மா," என்றாள் நடிகை. "என் முதல் புருஷன்கூட என்னை இவ்வளவு கெட்டியாப் பிடிச்சதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். உல்ஃபத் சிரிக்கவில்லை. முடிச்சில்லாமல் மறுபடி கோத்துத் தரமுடியுமா என்று இயக்குநர் தன்மையாகத்தான் கேட்டார்.

"எனக்கு அறுந்துபோற மாதிரி கோக்கத் தெரியாது உஸ்தாத்," என்றாள்.

ஒப்பனை அறையில் எங்களுக்கு ஒரு மூலை கொடுத்தார்கள். கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் வெட்டட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு ஒவ்வொரு முடிச்சாக வெட்டிக்கொண்டே, அத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னாள்.

"கடையில வேலை பார்த்தப்ப ஒரு பொண்ணுக்கு மாலை கோத்துக் கொடுத்தேன். கல்யாண மண்டபப் படியில ஏறும்போது அறுந்துடுச்சு. எல்லாரும் மிதிக்கிறாங்க, வழுக்குறாங்க. அந்தப் பொண்ணு வெள்ளைத் துணியோட தரையில மண்டிபோட்டுப் பொறுக்குறா. அழக்கூட இல்ல, ஹிக்மத். பொறுக்கிக்கிட்டே இருந்தா."

நான் முத்துகளைத் தட்டில் சேர்த்தேன்.

மெல்லிய பருத்தி நூலில் முடிச்சில்லாமல் கோத்தாள். தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். ஐந்து சரமும் ஒரே நேரத்தில் சிதறி, பவுடர் டப்பாக்களுக்கு இடையிலும் என் செருப்புக்குள்ளும் ஓடின. அப்படியே நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிற்பகல் முழுக்கக் காட்சி எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் நான் சோபாவுக்கு அடியில் தவழ்ந்து பொறுக்குவேன், அவள் கோப்பாள். விழும் முத்து போதவில்லை என்று இயக்குநர் குறைப்பட்டபோது, நடிகையின் உள்ளங்கையில் ஒரு பிடி உதிரி முத்தை ஒளித்துக் கொடுக்கலாம் என்று உல்ஃபத்தே சொன்னாள். கடைசித் தடவை நடிகை மாலையைப் பிய்த்துக் கையையும் விரித்தாள். பளிங்கில் முத்துகள் விழுந்து, துள்ளி, உருண்டு, ஒவ்வொன்றாக அடங்கும் வரை கூடத்தில் ஒருவரும் மூச்சுவிடவில்லை.

ரமளானில் அந்தப் பகுதி வந்த அன்று, நோன்பு திறக்கும் நேரத்துக்கே கட்டடமே உல்ஃபத் வீட்டில் கூடிவிட்டது. முதல் தடவையாக அந்த மேசையிலிருந்து கம்பளியை எடுத்து, கத்தாயிஃப் இனிப்புத் தட்டுகளை அடுக்கினார்கள். தெரேஸ் நோன்பில்லாதவள், ஆனால் அன்று எங்களோடு சேர்ந்து பள்ளிவாசலில் வாங்கு சொல்லும் வரை காத்திருந்து சாப்பிட்டாள். காட்சி வந்தது. மாலை அறுந்தது. வீட்டில் எல்லோரும் கைதட்ட, உல்ஃபத் முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டாள். ஷவ்கி கைதட்டவில்லை. தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டு, "மெழுகு நான் பூசினது," என்று பக்கத்திலிருந்தவரிடம் மெல்லச் சொன்னார். அந்த மெழுகு நூலை வெட்டி எறிந்துவிட்டோம் என்று நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பெயர்கள் ஓடும்போது உல்ஃபத் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கடைசி வரி வரை பார்த்தாள். அவள் பெயர் இல்லை. இது நியாயமா என்று தெரேஸ் பொரிந்தாள். உல்ஃபத் எழுந்து தேநீர் போடப் போனாள். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டாள்.

பெருநாள் கழிந்ததும் பெண்கள் வந்து குவிந்தார்கள். எல்லோருக்கும் 'அந்த அறுந்த மாலை'தான் வேண்டும். உல்ஃபத் குறும்பாக, "அறுபடுறதா, அறுபடாததா?" என்று கேட்பாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே அறுபடாததைச் சொல்வார்கள். ரோத் அல்-ஃபரக் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி மட்டும் சிரிக்காமல், "அறுபடுறது," என்றாள். உல்ஃபத் அவள் முகத்தைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. பருத்தி நூலில் கோத்துக் கொடுத்தாள். சில வாரத்தில் அவள் திரும்பி வந்து, கைக்குட்டையில் முடிந்த முத்துகளை மேசையில் கொட்டி, இப்போது முடிச்சுப் போட்டுக் கொடுங்கள் என்றாள். எங்களோடு உட்கார்ந்து தேநீரும் குடித்தாள். விரலில் முன்பு இருந்த கல்யாண மோதிரம் இல்லை.

மதாம் ஷாஹிரா பிறகும் பல தொடர்களுக்கு வந்தார். நிஹாலின் படிப்பும் கல்யாணமும் அந்த மேசையிலிருந்துதான் நடந்தன. பிறகு எங்கள் தெருவில் ட்ராமை நிறுத்தினார்கள். தெரேஸ் சிட்னியில் அண்ணனிடம் போய்விட்டாள். எங்கள் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். நான் நஸ்ர் நகரத்தில் இருக்கிறேன், லிஃப்ட் வைத்த வீடு, எதிர்க் கதவில் யார் இருக்கிறார்கள் என்று சரியாகத் தெரியாது.

உல்ஃபத்தும் ஷவ்கியும் இஸ்மாயிலியாவில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். போன கோடையில் போயிருந்தேன். பால்கனியில் மாம்பழம் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நிஹால் போனில் தெரேஸைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம், யார் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லை. அங்கே குளிர்காலமாம். புதுசாக ஒரு கோட்டு வாங்கியிருக்கிறாளாம், நீல நிறத்தில்.

உல்ஃபத் கத்தியைக் கீழே வைத்தாள். "நீலம்னா எந்த நீலம்? சரியாச் சொல்லு," என்று கேட்டுக்கொண்டே, மாம்பழக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே மணி டப்பாவை எடுக்க எழுந்து போனாள்.