கருணாகரன் சாரின் தவளைக்காரி

மழை விட்டதும் மல்லிகா கைலியை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கிவிடுவாள். தவளையின் பின்னங்காலைப் பிடித்துக் கோணிப்பையில் போடும்போதே, "அலாமாக்! எங்கடா ஓடுறே? சார் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காருடா" என்று அதனிடம் கொஞ்சல் வேறு. காஜா பெராங் ஊர் முழுக்க அவள் 'கத்தாக்' மல்லிகாதான். தவளைக்கு மலாயில் அதுதானே பெயர்! அவளும் கோபித்துக்கொள்வதில்லை.

முகத்தைப் பார்த்தால் சீனத்தி. வாயைத் திறந்தால் அசல் தமிழச்சி. கைக்குழந்தையாக யாரோ கொடுக்க, சந்திரமதி வாங்கி வளர்த்தாள். இந்த ஊரில் இதெல்லாம் சகஜம்.

கருணாகரன் சார் பள்ளிக்கூட வாத்தியார். மல்லிகா பிடித்துத் தரும் தவளையின் உயிரணுவுக்குள் நூல் நூலாகக் கிடக்கும் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணிப் படம் வரைகிறவர். "தாய்கிட்டேருந்து பாதி, தகப்பன்கிட்டேருந்து பாதி. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு" என்று ஒருநாள் சொல்லிவைத்தார். வந்தது வினை.

மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டம் ஓய்ந்த அந்த வாரம்தான் தெங்கேராவிலிருந்து ஒரு சீனக் கிழவி ஆள் அனுப்பியிருந்தாள். மல்லிகா அவள் பெற்ற பெண்ணாம். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறாளாம். மல்லிகாவுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷப்படுவதா, அழுவதா? அந்தக் கிழவி அம்மா என்றால் வீட்டில் இருப்பவள் யார்? நேரே சாரிடம் போய்க் கையை நீட்டினாள்.

"என் ரத்தத்தைப் பார்த்து அந்தம்மா என்னைப் பெத்தவதானான்னு சொல்லுங்க சார்."

"மனுஷனுக்குக் குரோமோசோம் எத்தனைங்கிறதையே போன வருஷம்தாம்மா சரியா எண்ணியிருக்காங்க. யாரு பெத்த பிள்ளைன்னு அதுல பார்க்கத் தெரியாது."

"தவளைக்கு மட்டும் தெரியுமா?"

"அதுக்கும் தெரியாது."

"பின்னே எதுக்கு சார் இவ்வளவு படம்?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடியும் நுண்ணோக்கியில் குனிந்தார்.

ஞாயிறன்று கிழவி வந்துவிட்டாள். மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு முகவாயைத் தடவினாள். "அனாக், அனாக்" என்று மலாயில் மகளைக் கூப்பிட்டு அழுதாள். மல்லிகாவுக்கு அழுகையே வரவில்லை, பயம்தான் வந்தது. கிழவியின் மூக்கு தன் மூக்கு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கூட்டிக்கொண்டு போய்விடுவாளோ?

"நீங்க பேசிக்கிட்டு இருங்க, நான் காப்பி கலக்கிட்டு வர்றேன்" என்று சந்திரமதி எழுந்தாள்.

கிழவி பிடித்திருந்த கையை மல்லிகா உதறவில்லை. மற்றக் கையை நீட்டி, சந்திரமதியின் முந்தானையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.