அம்புக்குறி ஒட்டிய நாவல்

எங்கள் வீதி மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வந்த யானை, பேக்கரி வாசலில் அடுக்கியிருந்த பன் தட்டு முழுவதையும் காலி செய்துவிட்டுப் போனதே, அந்த வருஷம். தேதி கேட்டால் எனக்குத் தெரியாது. யானை பன் தின்ற வருஷம் என்றால் திருப்பூர் நெருப்பெரிச்சலில் எங்கள் வீதிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். பேக்கரிக்காரர் அழுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் நின்றார். அது வேறு கதை.

கரண்ட் கட் ஆடித் தீர்த்த வருஷமும் அதுதான். பகலில் இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம் மெஷினெல்லாம் நின்றுபோகும். நான் அங்கே ஒரு சின்ன பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். ஜெனரேட்டர் இருந்தது, ஓடிய நாளைவிட ரிப்பேரில் கிடந்த நாள்தான் அதிகம். அயர்னுக்கு முந்திய என் பிழைப்பு குண்டடம் பக்கம் கிணறு வெட்டுவது. பள்ளிக்கூடத்துக்குள் மழைக்கு ஒதுங்கியதுகூட இல்லை. இதையும் நான் சொல்லச் சொல்ல நீங்கள்தான் எழுதுகிறீர்கள். என் கோபத்தை மட்டும் குறைத்து எழுதிவிடாதீர்கள்.

ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்க ஒரு பெண் இருந்தாள். திருநெல்வேலிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் முதல் வரிசையில் நின்று வேதம் வாசிக்கிறவள். அதனால் குரல் கணீரென்று இருக்கும். கரண்ட் போனால் கம்ப்யூட்டரும் செத்துவிடும். அவள் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு செக்கிங் டேபிள் பக்கம் வந்து உட்காருவாள். அங்கேதான் ஜன்னல் பெரிது.

ஒரு நாள் கேட்டேன். "ஏன் அம்முணி, பரீச்சையா எழுதப்போற?"

"இல்லய்யா. நாங்க நாலஞ்சு பேரு மெயில்லயே ஒரு குரூப்பு ஆரம்பிச்சிருக்கோம். மாசம் ஒரு பொஸ்தகம். எல்லாரும் வாசிச்சுட்டு அதப் பத்தி மெயில்ல பேசுவோம். சும்மா, பொழுதுபோக்குக்குத்தான்."

"மூஞ்சியே பாக்காம பேசுவீங்களா?"

"மெட்ராஸ்ல ஒருத்தர், வெளிநாட்டுல ரெண்டு பேரு. மூஞ்சிய எங்க பாக்க? எந்தப் பொஸ்தகம்ன்னு மாசம் ஒருத்தர் சொல்லணும், முறை வச்சு. அதுதான் சட்டம்."

செக்கிங் டேபிளில் ஒரு அக்கா உண்டு. என்னைவிட இளையவள்தான், ஆனால் கம்பெனிக்கே அக்கா. தைத்து வந்த பீஸில் ஒரு நூல் விட்டிருந்தால் பத்தடி தள்ளியிருந்தே கண்டுபிடிப்பாள், வாயும் அப்படித்தான். அவள் சொன்னாள்: "நீ மட்டும் வாய்க்குள்ள முணுமுணுத்தா எங்களுக்கென்ன பிரயோசனம்? சத்தமாப் படி சாமி. கரண்ட்டும் இல்ல, கதையுமில்லாம ஒக்கோந்திருக்கறதுக்கு."

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் படிக்க, நாங்கள் பதினோரு பேர் கேட்போம். கரண்ட் வந்துவிட்டால், "இந்த ஈபிக்காரனுக்கு நேரங்காலமே தெரியாது" என்று திட்டிக்கொண்டே எழுந்திருப்போம். கரண்ட் வந்ததற்குத் திட்டிய கம்பெனி திருப்பூரிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

எங்களைப் பற்றி அந்தப் பெண் குரூப்பில் எழுதியிருக்கிறாள். அவர்களுக்கு ஒரே சந்தோஷமாம். மெட்ராஸ்காரர்தான் குரூப்பை நடத்துகிறவர். வீடு நிறையப் புத்தகம் வைத்திருப்பவராம். "தொழிலாளர்கள் புத்தகம் கேட்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம்" என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். எனக்கு அப்போதே என்னமோ போலிருந்தது. கேட்பதில் என்ன பெரிய விஷயம்? காது இருக்கிறது, கேட்கிறோம்.

அடுத்து மெட்ராஸ்காரர் முறை. அதற்கடுத்த மாதம் இந்தப் பெண்ணின் முறை. அவள் சொன்னாள்: "என் முறைய உங்களுக்குத் தந்துட்டேன். நீங்களே சொல்லுங்கய்யா, என்ன வாசிக்கலாம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வயதில் மூத்தவன் நான்தான். வாழ்நாளில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பேரனுக்குப் பேர் வைக்கும்போதுகூடக் கேட்கவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். அயர்ன் பெட்டியைப் பிடித்துக்கொண்டே யோசித்து ஒரு டீசர்ட்டில் முத்திரை போட்டதுபோலச் சூட்டுத் தடமே விழுந்துவிட்டது. பிறகு சொன்னேன்: "கெணறு வெட்டற கதை வேணும் கண்ணு. பாறைக்கு வேட்டு வெக்கறது, கயித்துல எறங்கறது, தண்ணி வராம அடுத்த எடம் பாக்கறது, எல்லாம் இருக்கோணும். அப்புடி ஆராச்சும் எழுதியிருப்பாங்கல்லோ?"

"தேடிருவோம்" என்றாள். குரூப்பிலும் எழுதிப் போட்டாள். நான் நாள் எண்ண ஆரம்பித்தேன்.

இதற்குள் மெட்ராஸ்காரர் முறை வந்தது. பனியன் கம்பெனிப் பெண் ஒருத்தியைப் பற்றிய நாவல். எங்கள் கதை என்பதால் எங்களுக்காகவே தேர்ந்தெடுத்தாராம். கடையில் கிடைக்காத புத்தகம், தன் சொந்தப் பிரதியையே கூரியரில் அனுப்பி வைத்தார். அந்த நல்ல மனசை நான் இல்லை என்று சொல்லவில்லை.

முதல் பக்கத்திலேயே அந்தப் பெண் தறியில் உட்கார்ந்து பனியன் நெய்கிறாள்.

"தறியிலயா?" என்றாள் அக்கா. "பனியன் துணிய நெய்யற தறிய நானும் பாக்கோணுமே. பனியன் துணி பின்னற நிட்டிங் மெஷின ஒருக்காலாச்சும் பாத்திருக்கானா இவன்?"

சொல்லிக்கொண்டே, பழக்கதோஷம், டேபிளில் இருந்த ஸ்டிக்கரை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். பீஸில் ஓட்டையோ கறையோ இருந்தால் செக்கிங்கில் ஒட்டுவார்களே, சின்ன சிவப்பு அம்புக்குறி, அது. எல்லாரும் சிரித்தோம். படிக்கிற பெண்ணும் சிரித்தாள்.

பிறகு அது வேலையாகவே ஆகிவிட்டது. நாவலில் முதலாளி வாயைத் திறந்தாலே "அடியே, வாடி, போடி". எங்கள் பக்கத்து முதலாளி அப்படிப் பேச மாட்டார். "நாளைக்கு வேலைக்கு வராதீங்க" என்று மரியாதையாகத்தான் வயிற்றில் அடிப்பார். ஒட்டு ஒரு அம்பு. அந்தப் பெண் மூன்று பக்கத்துக்கு அழுகிறாள், சுற்றி இத்தனை பேர் இருந்தும் ஒருத்தரும் "சாப்பிட்டாயா" என்று கேட்கவில்லை. ஒட்டு. ஊசி உடைந்து விரலில் குத்துகிறது, அவள் அதைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே வீசுகிறாள். அவ்வளவுதான், டேபிளே எழுந்து நின்றுவிட்டது.

"ஒடஞ்ச ஊசிய வீசறாளா!" என்று கத்தினாள் அக்கா. "துண்டு துண்டாத் தேடியெடுத்து நோட்டுல ஒட்டற வரைக்கும் லைனே ஓடாது. கொழந்தை போடற துணியில ஊசி போச்சுன்னா என்னாகும்? ரெண்டு அம்பு ஒட்டு!"

நாவலில் அந்தப் பெண் தன் சோற்றுப் போசியை ஒரு வயதான ஹெல்பரோடு பகிர்ந்து சாப்பிடும் இடம் ஒன்று வந்தது. அங்கே யாரும் ஸ்டிக்கர் எடுக்கவில்லை. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நல்லதை நல்லது என்று சொல்லத் தெரியாதவர்கள் இல்லை நாங்கள்.

முடித்தபோது புத்தகம் சேவல் கொண்டை மாதிரி இருந்தது. திருப்பி அனுப்ப வேண்டும்.

"ஸ்டிக்கர எல்லாம் பிச்சிருவோமாய்யா? ஒரு மாதிரி நெனைப்பாவளோ?" என்று அந்தப் பெண் என்னிடம்தான் கேட்டாள்.

"பிச்சுப்போட்டா தப்பு எங்கன்னு அவங்களுக்கு எப்புடித் தெரியும்? செக்கிங் ஆன பீஸ ஸ்டிக்கரோடதான குடுப்போம். அப்புடியே அனுப்பு" என்றேன். எழுதியவருக்கு மெட்ராஸ்காரர் அனுப்பி வைப்பார், அடுத்த முறை அச்சடிக்கும்போது திருத்திக்கொள்வார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பிழை என்னுடையது, வேறு யாருடையதும் இல்லை.

பத்து நாள் கழித்து மெட்ராஸ்காரரிடமிருந்து பதில் வந்தது. அவள் தாளில் பிரிண்ட் எடுத்து வந்தாள், ஆனால் படிக்க மாட்டேன் என்றாள். அக்கா விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு படித்தாள். அரிய பிரதியை நாசம் செய்துவிட்டோமாம். நாவல் என்பது கற்பனையாம், அதைச் சரக்கு மாதிரி சோதித்தது அவமானமாம். "புத்தகத்தைக் கையில் எடுத்து வாசிப்பவர்கள் மட்டுமே இனி குழுவில் கருத்துச் சொல்லலாம், தேர்வு செய்யலாம்." இது புதுச் சட்டம். அடுத்த மாதப் புத்தகத்தையும் அவரே சொல்லிவிட்டார்.

"அப்பொ கெணறு?" என்றேன்.

அவள் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் தணியவில்லை. தறியில் பனியன் நெய்வது கற்பனையா? கற்பனை என்றால் மனசுக்குள் நடப்பதை எழுதட்டும், மெஷினைப் பார்த்துவிட்டு எழுதட்டும். நாங்கள் கேட்டபோது "எவ்வளவு பெரிய விஷயம்" என்றவர், நாங்கள் வாயைத் திறந்ததும் கேட்பது படிப்பதாகாது என்கிறார். தலையாட்டினால் தொழிலாளி, தப்பைக் காட்டினால் எழுத்தறியாதவனா? புத்தகத்துக்குக் கெடுதல் செய்ததாக நினைத்திருந்தால் என்னைத் திட்டட்டும், கேட்டுக்கொள்கிறேன். என் முறையை எதற்குப் பிடுங்க வேண்டும்?

பதில் எழுதச் சொன்னோம். நான் சொன்னேன், அக்கா சொன்னாள், அவள் எல்லாவற்றையும் அடித்து அனுப்பினாள். அது குரூப்பில் வரவே இல்லை. நடத்துகிறவர் பார்த்துச் சம்மதித்து உள்ளே விட்டால்தான் வருமாம், அவர் விடவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு அவளும் அந்தக் குரூப்பிலிருந்து விலகிவிட்டாள். தை மாதம் கல்யாணமாகி ஊருக்குப் போனாள். அதற்கப்புறம் கரண்ட் கட்டில் சும்மாதான் உட்கார்ந்திருந்தோம்.

நீங்கள் நாலு ஊர் போகிறவர், படித்தவர்களோடு பழகுகிறவர். அந்த மெட்ராஸ்காரர் காதுக்குப் போகிற மாதிரி யாரிடமாவது சொல்லிவிடுங்கள். அந்த ஸ்டிக்கர் துணிக்கென்று செய்தது, பசை லேசுதான். கொதிக்கிற கெட்டில் மூக்குக்கு நேரே பக்கத்தைக் கொஞ்சம் காட்டினால் தாள் கிழியாமல் கழன்று வந்துவிடும். ஈரம் காய்ந்ததும் மிதமான சூட்டில் ஒரு தேய்ப்பு, பழையபடி ஆகிவிடும். கொண்டுவந்தால் நானே செய்து தருகிறேன். ஆனால் ஊசியை ஜன்னலில் வீசுகிற பக்கத்தில் இருக்கிற இரண்டு அம்பை மட்டும் கழற்ற மாட்டேன் என்றும் சொல்லுங்கள். அப்படியே, கிணறு வெட்டுகிற கதை ஏதாவது இருக்கிறதா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். அந்த மாதம் இன்னும் என் முறைதான்.