மேய்ச்சல் கூலி

எங்கள் வீட்டில் டிவிடெண்டுக்கு மேய்ச்சல் கூலி என்று பெயர். வைத்தவர் என் வீட்டுக்காரர். அவர் பங்கு வாங்கி வைத்திருக்கும் கம்பெனி, ஊரார் பணத்தை மியூச்சுவல் ஃபண்டாக வாங்கி நிர்வாகம் செய்து கொடுக்கிற கம்பெனி. அதன் பங்கும் சந்தையில் விற்கிறது. அடுத்தவர் பணத்தைப் பார்த்துக்கொள்கிற கம்பெனிக்கு எங்கிருந்து லாபம் வரும் என்று நான் ஒரு தரம் கேட்டுவிட்டேன்.

"ஊர் மாட்டையெல்லாம் ஓட்டிக்கிட்டுப் போயி மேய்க்கறவன் இருக்கறானில்ல, அவனாட்டத்தான் அம்மணி இது. மாடு கொழுத்தாலும் எளைச்சாலும் மேய்ச்சவனுக்குக் கூலி குடுத்துத்தான ஆகோணும்? அந்தக் கூலியில நமக்கு ஒரு பங்கு வருது" என்றார்.

காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவள் நான். இவ்வளவு தெளிவாக எனக்கே சொல்ல வந்ததில்லை. ஆனால் அந்தத் தெளிவைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் அதே பேச்சு. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரைக்கூட விடமாட்டார். "வாங்குன வருசத்துல இருந்து ஒரு வருசம் உட்டதில்லீங்க. முந்துன வருசத்தை விடக் கம்மி பண்ணுனதுமில்லீங்க" என்பார். சிலிண்டர்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்பார். மூன்றாவது மாடிக்கு அதைத் தோளில் தூக்கி வந்தவருக்கு மறுத்துப் பேச மூச்சு இருக்காது.

அந்த மூன்றாவது மாடிதான் என் பிரச்சினை. கோயம்புத்தூரில் நாங்கள் வாங்கிய பழைய அடுக்குமாடி வீடு அது. லிஃப்ட் கிடையாது. வாங்கும்போது இருவருக்கும் முழங்கால் நன்றாக இருந்ததால் காற்று வரும், கொசு வராது என்று சந்தோஷமாக ஏறினோம். பிறகு வகுப்பில் நின்றே தேய்ந்த என் முழங்கால் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. சர்க்கரையும் இதயமும் இருக்கிற இருப்பில் அறுவை சிகிச்சை வேண்டாம், படி ஏறாமல் இருந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போதுமாம். எத்தனை படி என்று நான் எண்ணியதே இல்லை. எண்ணத் தொடங்கினால் பாதியில் உட்கார்ந்துவிடுவேன்.

இறங்குவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திரும்பி ஏற வேண்டுமே என்ற நினைப்புதான் கதவைத் திறக்கவிடாது. தாராபுரத்தில் அக்கா பேத்தியின் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. பக்கத்துத் தெருவில் வளைகாப்பு, போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு மட்டும் போவேன். காய் வாங்க பால்கனியில் கயிறு கட்டிய கூடை ஒன்று வைத்திருந்தேன். கீழே தள்ளுவண்டிக்காரம்மா குரல் கேட்டால் பணத்தைப் போட்டுக் கம்பி இடுக்கில் கூடையை இறக்குவேன். அவர் காயைப் போட்டுக் கயிற்றை இழுப்பார். வெளி உலகத்தோடு எனக்கு இருந்த போக்குவரத்து அவ்வளவுதான். கைதிக்காவது ஞாயிற்றுக்கிழமை யாராவது பார்க்க வருவார்கள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. எங்கள் மாடி வீட்டை விற்று, அந்தப் பங்கில் பாதியையும் விற்றுச் சேர்த்தால், அதே பக்கத்தில் கீழ்த்தளத்தில் சின்னதாக ஒரு வீடு வாங்கலாம். பங்கின் விலை அந்த அளவுக்கு ஏறியிருந்தது. நான் கேட்டேன். கோபத்தில் கேட்டேன், நயமாகக் கேட்டேன், சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டேன். பதில் மாறவே இல்லை.

"காட்டை ஒருக்கா வித்தவன் நானு. மறுக்கா விக்க மாட்டேன்."

இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் மழையை நம்பி விதைக்கிற நிலத்தைக் காடு என்போம். காங்கேயம் பக்கம் அவருக்குக் காடு இருந்தது. அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரித்தபோது இவருக்கு வந்தது ஒரு துண்டு. மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வேலையில் இருந்தவரால் அதைப் பார்க்க முடியாமல் விற்றார். வாங்கினவர் அங்கே தேங்காய்ப் பருப்புக் காயப்போடும் களம் போட்டுவிட்டார். பஸ் அந்த வழியாகப் போகும்போது இவர் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அந்தப் பணத்தில் வாங்கியதுதான் இந்தப் பங்கு. என் சம்பளத்தில் வீடு ஓடியது, அதனால் அந்தப் பணம் கைபடாமல் அப்படியே போய் உட்கார்ந்தது. ஆக அவர் மனதில் இது பங்கே கிடையாது, திரும்பி வந்த காடு. விலை என்னவென்று பார்ப்பதேகூட அவருக்கு ஒரு மாதிரி அசிங்கம். கூலி வருகிறதா, அது போதும்.

வாடகைக்காவது கீழே ஒரு வீடு பார்க்கலாம் என்றால், "சொந்த ஊட்டை உட்டுப்போட்டு வாடகைக்குப் போனா நம்ம சனம் என்ன பேசும்?" என்பார். பெங்களூரில் இருக்கும் மகனிடம் சொன்னால், "நீங்க ரெண்டு பேருமே பேசி ஒரு முடிவுக்கு வாங்கம்மா" என்று போனை வைப்பான். பேசிக்கொண்டுதானே இருந்தோம், வருடக்கணக்காக.

கடைசியில் அலுத்துப்போய் நான் ஒரு காரியம் செய்தேன். அந்தக் கம்பெனி ஒரு வருடம் கூலியை நிறுத்த வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். விளக்கேற்றும்போது எல்லோரும் நல்லா இருக்கணும் என்று தொடங்கி அதில் கொண்டுபோய் முடிப்பேன். உடாத வருசம், உடாத வருசம் என்கிறாரே, ஒரு வருடம் விட்டுவிட்டால் வாய் அடைந்து போகும், பிறகு விற்றுத்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

விட்டது. சந்தை சரிந்து கிடந்த வருடம் அது. கம்பெனி வேறொரு கம்பெனியை வாங்கப் போகிறதாம், அதற்காக லாபத்தைக் கையில் வைத்துக்கொள்கிறதாம், இந்த வருடம் டிவிடெண்ட் இல்லையாம். டிவியில் அடியில் ஓடிய வரியை அவர் பார்த்தார். அது மறுபடி சுற்றி வரும்வரை காத்திருந்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு டிவியை அணைத்துவிட்டுப் பால்கனியில் போய் நின்றார். நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் வந்ததற்கு அதுதான் காரணம். உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு, அதை மறைக்க வேண்டாம்.

அன்றைக்குக் கேட்டால் பாவம் என்று மறுநாள் வரை பொறுத்தேன். காலையில் காபியை வைத்துவிட்டு, "ஏனுங்க, அதுதான் நின்னுபோச்சில்லீங்க. இனி பாதியை வித்துப்போடலாமுங்களா?" என்றேன்.

அவர் காபியைக் குடித்து முடித்தார். கோபமே இல்லாமல் சொன்னார்: "மழை இல்லாத வருசம் மாட்டை விப்பாங்க. காட்டையா அம்மணி விப்பாங்க?"

காலி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். ஏனென்றால் அது சரி. நானும் மானாவாரிக் காட்டுக்காரர் மகள்தான். மழை பொய்த்த வருடத்தில் என் அப்பா நல்ல காளை ஜோடியைச் சந்தைக்கு ஓட்டிப்போனதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் காட்டை விற்கிற பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை. இத்தனை நாள் நான் வேண்டிக்கொண்டது நடந்தும் ஒரு பிரயோஜனம் இல்லை. வருடம் தவறாமல் கொடுத்தால் அது நல்ல காடு, விற்கக் கூடாது. கொடுக்காவிட்டால் மழை இல்லை, காத்திருக்க வேண்டும். இதில் நான் நுழைய எங்கே சந்து இருக்கிறது? அன்று முழுக்க எனக்கு அசதியாக இருந்தது. சமைத்ததைச் சாப்பிடவும் மனமில்லை.

சில வாரம் கழித்து ஆஸ்பத்திரி போய்த் திரும்பினோம். வெயில் நேரம். இரண்டாவது மாடி வந்ததும் என் கால் நின்றுவிட்டது. யாரோ வீட்டு வாசலில், அவர்கள் செருப்பு அடுக்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், படியிலேயே உட்கார்ந்தேன். அவர் மாத்திரைப் பையும் தண்ணீர் பாட்டிலுமாக எனக்கு மேலே நின்றார். "மெதுவா வா, அவசரமில்லை" என்றார். அவசரமில்லையாம். எனக்கு அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நீங்க காட்டை விக்க வேண்டாமுங்க. பாகம் பிரிச்சுக் குடுங்க."

"ஆருக்கு?"

"எனக்குத்தானுங்க. பாதி."

"புருசன் பொண்டாட்டிக்குள்ள பாகமா? கேட்டா ஊரு சிரிக்கும்."

"ஊரு மூணு மாடி ஏறி வந்து சிரிக்கப் போறதில்லீங்க. என்ற சம்பளத்துல கஞ்சி குடிச்சுப்போட்டுத்தான அந்தப் பணத்தைத் தொடாம வெச்சிருந்தீங்க? அப்ப எனக்கு அதுல பாத்தியதை இல்லீங்களா? உங்க அண்ணந்தம்பி பிரிக்கறப்ப, இந்த வருசம் மழை பேஞ்சுதான்னு கேட்டா பிரிச்சாங்க?"

அவர் கையிலிருந்த தண்ணீரை நீட்டினார். நான் குடித்தேன். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மீதியையும் ஏறினேன். வீட்டுக்குள் போனதும் நான் படுத்துக்கொண்டேன், அவர் சோறு வடித்தார்.

ஒரு வாரம் அவர் பால்கனியில் நிற்பதும் உள்ளே வருவதுமாக இருந்தார். ஒருநாள் கூடைக் கயிற்றைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வைத்தார். விற்பதுதான் அவருக்கு மானக்கேடு, பிரிப்பது முறை. பாகம் கேட்டவருக்கு இல்லை என்று சொன்னதாக அவர்கள் வீட்டில் ஒருத்தரும் பேர் வாங்கியதில்லை. ஒரு காலையில் என் பான் கார்டையும் ஆதாரையும் கேட்டார். எனக்குத் தனியாக ஒரு டீமேட் கணக்குத் திறந்து, பங்கில் சரிபாதியை அதற்கு மாற்றினார். முதல் பாரத்தில் தப்பான இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கினார். வயதாகிவிட்டது என்று பாரம் கொடுத்த பெண்ணிடம் சொல்லிச் சிரித்தார்.

விற்கப் போன அன்று புரோக்கர் அலுவலகம் வரை கூட வந்தார். கீழ்த்தளத்தில்தான் இருந்தது, எனக்கு அந்த மட்டில் நிம்மதி. என் பெயர் கூப்பிட்டதும் அவர் எழுந்தார்.

"நீ ஆக வேண்டியதைப் பாரு அம்மணி. நான் ஒரு டீ குடிச்சுப்போட்டு வாரேன்."

விற்றேன். கை தயங்கவில்லை. துக்கம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இவ்வளவு சின்னக் காரியத்துக்கா இத்தனை வருடம் என்ற களைப்புதான் வந்தது. அவர் திரும்பி வரும்போது எனக்கும் ஒரு டீயும் தேங்காய் பன்னும் வாங்கி வந்திருந்தார். என்ன விலைக்குப் போனது என்று கேட்கவில்லை. இன்று வரை கேட்டதில்லை.

பங்கு விலை இறங்கியிருந்தும், மாடி வீட்டையும் விற்றுச் சேர்த்ததில் அடுத்த சந்தில் கீழ்த்தளத்தில் ஒரு வீடு கிடைத்தது. சின்ன வீடு, காற்று குறைவு, கொசு உண்டு. வாசலில் ஒரே ஒரு படி. அதற்கும் கைப்பிடி வைக்கலாமா என்று கேட்டார், நான் வேண்டாம் என்றேன்.

மறு வருடம் கம்பெனி மறுபடி கூலி அறிவித்தது. எனக்கு அது தெரியாது. அன்று காலை தள்ளுவண்டிக்காரம்மா குரல் கேட்டுப் பையை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போயிருந்தேன். அவரைக் கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் முறை. நான் நினைத்ததைவிடச் சின்ன வயது. "கயித்துக் கூடையில வாங்குவேனே, அது நாந்தாங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானுங்களா அது? கையும் கூடையுந்தானுங்க பாத்திருக்கறேன்" என்றவர், கொத்தமல்லியை அள்ளிச் சும்மாவே பையில் போட்டார்.

நான் தக்காளியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துப் பொறுக்கினேன். கூடையில் வந்த காலத்தில் அழுகலும் சேர்ந்துதான் வரும். அந்த ஆசையில் நேரம் போனதே தெரியவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். என் வீட்டுக்காரர், பனியனோடு, கையில் போனைப் பிடித்தபடி, தெருவில் வேகமாக வந்துகொண்டிருந்தார்.

"மழை பேஞ்சிருச்சு அம்மணி" என்றார். உடனே முகம் மாறியது. "ஏன் புள்ள, எங்க போயிட்டே? சமையக்கட்டு, பின்னால பொடக்காளி, ஊடு பூராத் தேடுனேன், உன்னையக் காணமே."

மாடி வீட்டில் ஒவ்வொரு வருடமும் இந்தச் செய்தியைச் சொல்ல வரும்போது கதவோரத்து நாற்காலியில் நான் உட்கார்ந்தே இருப்பேன். அவர் என்னைத் தேட வேண்டியிருந்தது இந்த வருடம்தான்.