இறங்கி வந்த சிவப்பு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். இது என் வீட்டில், பட்டப்பகலில், என் மனைவிக்கு நடந்தது.

அவள் ஓவியக்காரி. ஓர் ஓட்டல் வரவேற்பறைக்காகப் பெரிய மலை ஒன்றை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிக்கொண்டிருந்தாள். நுணுக்கி நுணுக்கி வரைகிற ரகமில்லை அவள். அகலத் தூரிகையை முக்கி ஒரே இழுப்பு. உச்சிக்கு ஆரஞ்சு, சரிவுக்கு நீலம், அடிவாரத்துக்கு ஊதா. பக்கத்தில் போனால் வெறும் அப்பல். எட்டி நின்றால் மலை.

பார்த்து வரைய எடுத்த புகைப்படம், என் தங்கை கணவன் ஒன்பது வருடத்துக்கு முன் அனுப்பியது. அனுப்பிவிட்டு அந்த மலையில் ஏறினான். ஏறியவன் இறங்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வருவான் என்று தங்கை எங்கள் வீட்டிலேயே காத்திருந்தாள்.

"வேற மலையே கிடைக்கலையா அண்ணி?" என்று ஒருமுறை கேட்டாள். அதற்குப் பிறகு அந்த அறைப் பக்கமே வரவில்லை.

திங்கட்கிழமை, உச்சிக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி. மனைவி சிவப்பைத் தொட்டதே இல்லை. செவ்வாய்க்கிழமை அது சரிவின் நடுவில் இருந்தது.

"உங்க தங்கச்சி வேலைதான்."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உன் கண்ணுக்கு என் தங்கச்சியா?"

அவள் சிரிக்கவில்லை. புதன்கிழமை அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வியாழன் மதியம் மூன்று மணி. திறந்தாள்.

சிவப்பு அடிவாரத்துக்கு வந்திருந்தது. பெரிதாக...

எட்டி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தலை. கைகள். முழங்கால்வரை ஊதாவுக்குள்.

தொட்டாள். சுற்றிலும் ஈரம். அது மட்டும் காய்ந்திருந்தது.

நாத்தனார் மாற்றுச்சாவி வைத்திருக்கிறாள்! கோபம் தலைக்கேறியது. வண்ணம் குழைக்கும் கத்தியால் சுரண்டினாள்.

சர்ர்ரக்...

யாரோ மூச்சை இழுத்த சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

நாலு நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. அந்த மலையடிவாரத்தில் ஓர் உடல். நானும் தங்கையும் போனோம். அவன்தான். அவள் பின்னிக் கொடுத்த சிவப்பு ஸ்வெட்டர். முழங்கால்வரை ஏதோ ஊதாக் கறை. தொட்டேன், விரலில் ஒட்டியது.

மருத்துவர் என்னைத் தனியே அழைத்தார்.

"ஒன்பது வருஷமா? இல்லைங்க. நெஞ்சுல கத்தி மாதிரி ஏதோ சுரண்டியிருக்கு. போன வியாழன் மத்தியானம் வரைக்கும் உயிரோட இருந்திருக்கார்."

மனைவியும் தங்கையும் இன்றும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அவன் இறங்கி வந்துகொண்டிருந்தான் என்பதை இருவரிடமும் நான் சொல்லவில்லை.