கற்பூரம் அணைத்தவனின் கிருத்திகை

சர்வஜித்து வருஷம் (1947), ஆடிப் பரணி. அன்று காலை ஏழுமலையால் ஒரு சொம்புத் தண்ணீரை வாய்வரை கொண்டுபோக முடியவில்லை. பாதி மார்பில் கொட்டியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். இரண்டு கையும் சேர்ந்து ஆடின.

ஏழுமலை என் மனைவி கன்னியம்மாவின் தம்பி; என்னைப் பாவா என்பான். திருத்தணி ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு ஜட்கா (குதிரைவண்டி) ஓட்டுகிறவன். முந்தின நாள், அசுவினி அன்று, மலைமேல் கற்பூரம் அணைத்து, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தான். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அறைந்து அணைத்துச் செய்கிற சத்தியத்தை எங்கள் பக்கத்தில் மீறத் துணிகிறவர்கள் குறைவு. வாலிபர்களைக் குடியிலிருந்து மீட்கக் கிளம்பிய ஒரு பஜனைக் குழு, அந்தத் திருவிழாவுக்குப் பலரை அப்படி வரிசையில் நிறுத்தியது.

வீட்டில் குடிநோயாளி இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பஜனைக் குழுக்காரர்களும் படிக்கலாம். படிக்கமாட்டார்கள்.

கள்ளுக்கடைகளை மூடி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கடை மூடியதும் ஏழுமலை கள்ளை விட்டுச் சாராயத்துக்குப் போனான். நகரி மலைப்பக்கம் காய்ச்சியது சைக்கிள் டியூபில் வரும். காலையில் பல் விளக்குமுன் அது அவனுக்கு வேண்டும். இது குழுவின் செயலாளருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அவனை முன்வரிசையில் நிறுத்தினார். பேர்போன குடிகாரன் திருந்தினால் குழுவுக்குப் பேர் கிடைக்கும்.

கை நடுக்கத்தைக் கண்டு கன்னியம்மா செயலாளரை வீட்டுக்கு அழைத்துவந்தாள்.

"இன்னாங்க இது, கை இப்டி ஆடிகினு இருக்குது?"

"உள்ள இருக்கிற விஷம் வெளிய போவுதும்மா. முருகன் புடிச்சி உலுக்குறான். உலுக்கட்டும்."

அன்று இரவு முழுவதும் ஏழுமலை உறங்கவில்லை. வேட்டி வியர்வையில் நனைந்துகொண்டே இருந்தது. கிருத்திகை அன்று விடிந்ததும் சுவரைத் தட்டத் தொடங்கினான்.

"எறும்பு, பாவா. செவரெல்லாம் எறும்பு. நீங்களும் தட்டுங்க."

வெள்ளையடித்த சுவர் வெறுமையாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப நான் சட்டையை மாட்டுவதற்குள் வாசலில் பம்பைச் சத்தம் கேட்டது. குழுவினர் வந்துவிட்டார்கள். அவன் நடுக்கத்தைப் பார்த்த முதல் ஆள், "சாமி எறங்கிட்சி" என்றான். அதன் பிறகு என் பேச்சைக் கேட்க யாரும் இல்லை. தோளில் காவடியை ஏற்றி, நெற்றி நிறைய விபூதி பூசி, கொட்டுமுழக்கோடு இட்டுக்கொண்டு போனார்கள்.

அடிவாரத்தில் மேடை போட்டிருந்தது. நடுங்கியபடி நின்றவன் காலில் பெண்கள் விழுந்தார்கள். ஒரு தாய் கேட்டாள்: "சாமி, எம் பொண்ணுக்கு எப்போ கல்யாணம் ஆவும்?"

"குதிரை அவுத்துகினு போவுது. புடிங்க, புடிங்க" என்றான் ஏழுமலை.

"மாப்பிள்ள குதிரையில வரானாம், போம்மா" என்று பக்கத்திலிருந்தவன் விளக்கம் சொன்னான். அவள் அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

செயலாளர் அவனைக் காட்டிக் கூட்டத்திடம் பேசினார். "நேத்து வரைக்கும் இவனுக்குள்ள ஆடினது சாராயம். இன்னிக்கு ஆடுறது சண்முகம்." கைதட்டல் ஓயுமுன் ஏழுமலை காவடியோடு சாய்ந்தான். கண் மேலே செருகியது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. அப்போதும் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அவனுடைய ஜட்காவிலேயே அவனைப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் இமையை விலக்கிப் பார்த்தார். "டெலிரியம் டிரெமன்ஸ் (நெடுநாள் குடியைத் திடீரென்று நிறுத்துவதால் உடல் நடுங்கி, புத்தி குழம்பி, இல்லாதது கண்ணுக்குத் தெரியும் நிலை). ஒரேயடியா யார் நிறுத்தச் சொன்னது?"

"கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ண வெச்சிட்டாங்க" என்றேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணக்கூடாதா? குடியைவிட இப்படி விடுறது சீக்கிரம் கொல்லும்."

உறக்கம் வராமல் இன்னொரு வலிப்பு வந்தால் உயிர் நிற்காது என்றார். பாரால்டிஹைடு (உறங்கவைத்து வலிப்பை அடக்கும் மருந்து) கொண்டுவரச் சொன்னார். புட்டியைத் திறந்ததும் நெடி மூக்கைத் துளைத்தது. ஏழுமலை பல்லைக் கடித்துக்கொண்டான்.

"சாராயம். வேணாம். கற்பூரம் அணைச்சிட்டேன்."

தன் அக்காவை அப்போது அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. சத்தியம் மட்டும் நினைவிருந்தது. ஊற்றியதைத் துப்பினான். மறுபடி ஊற்றினோம், மறுபடி துப்பினான்.

வாசற்படியில் நின்ற செயலாளர், "அவனே வேணான்றான். அந்த வைராக்கியத்தக் கெடுக்காதீங்க" என்றார்.

கன்னியம்மா திரும்பினாள். "வைராக்கியமா? உம் புள்ள இப்டி இழுத்துகினு கெடந்தா இங்க நின்னு பேசுவியா நீ? போ வெளிய."

டாக்டர் சிரிக்காமலே, "சத்தியம் வாய்க்குத்தானே? ஒருக்களிச்சிப் படுக்க வைங்க" என்றார். எனிமாவாக (ஆசனவாய் வழியே) மருந்து ஏறியது. சிறிது நேரத்தில் நடுக்கம் அடங்கியது. குறட்டை கேட்டதும் கன்னியம்மா சுவரில் சாய்ந்து அழுதாள்.

கதை அங்கே நல்லபடி முடிந்திருக்கலாம். இந்த மருந்து எந்த வழியாக ஏறினாலும் அதன் நெடி மூச்சு வழியாக வெளியே வரும். மறுநாள் காலையில் குழு ஆட்கள் இரண்டு பேர் வந்து அவன் முகத்தருகே குனிந்து முகர்ந்தார்கள். டாக்டர் விளக்கிச் சொன்னதை நின்று கேட்டார்கள், தலையாட்டினார்கள். சாயங்காலம் சரவணப் பொய்கையில் தெப்பம் பார்க்க வந்த கூட்டத்தில், ஏழுமலை ஆஸ்பத்திரியில் சத்தியத்தை மீறிவிட்டான் என்று ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள்.

அவன் பிழைத்தான். பிழைப்புதான் போயிற்று. சத்தியம் மீறினவன் வண்டியில் ஏறினால் மலையேறிய பலன் போய்விடும் என்று ஸ்டேஷனில் பேச்சு. ஆந்திரப் பக்கத்து யாத்ரிகர்களுக்குக்கூட மற்ற வண்டிக்காரர்கள் அதைத் தெலுங்கில் சொல்லிக்கொடுத்தார்கள். டாக்டரை வந்து ஒரு வார்த்தை பேசக் கேட்டேன். "நான் பஜனைல பேசணுமா?" என்றார். அவரையும் நான் மன்னிக்கவில்லை.

நடுக்கம் நின்ற பிறகும் பாதங்கள் எரிந்தன. அது குடி தின்ற நரம்பு. வைட்டமின் ஊசி போட்டார்கள். கன்னியம்மா கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையுமாகப் போட்டாள். ஏழுமலை மறுபடி குடிக்கவில்லை.

மறு வருஷம், சர்வதாரியில், ஆடி பிறந்ததும் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் முன்வரிசையில் நிறுத்திய மற்றவர்கள் எல்லோரும் டியூப் சாராயத்துக்குத் திரும்பியிருந்தார்கள்.

"நீ ஒருத்தன்தான் நின்னே, ஏழுமலை. இந்த வருஷம் மேடைக்கு வரணும்."

"நான் சத்தியம் மீறினவனாச்சிங்களே."

"அதெல்லாம் அப்போ."

"ஆங், வரேன். கற்பூரம் அணைக்கிறவங்கள மொதல்ல டாக்டராண்ட இட்டுகினு போவீங்களா?"

"டாக்டர் இன்னா சொல்வாரு? கொஞ்சங் கொஞ்சமா விடுன்னுவாரு. மேடையில அதச் சொல்ல முடியுமாப்பா?"

"அப்போ மேடை வேணாங்க."

அவர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். அந்த வருஷமும் வரிசை நின்றது. பம்பையும் அடித்தது.

அன்று அவர் போனதும் ஏழுமலை திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்தான்.

"பாவா, குடிச்சிகினு இருந்தப்போ நாள்னா காலையில ஒண்ணு, இருட்டினா ஒண்ணு. அவ்ளோதான். இப்போ பத்து மணிக்கே ஒரு நாள் ஆனாப்போல இருக்குது. பசி தெரியுது, வெயில் தெரியுது, கால் எரியறது தெரியுது. இத்தினியும் எங்க இருந்திச்சி?"

அப்போது இன்னும் பத்தரைகூட ஆகியிருக்கவில்லை. அவன் எரிகிற பாதத்தை மெல்ல ஊன்றி, குதிரைக்குப் புல் போட எழுந்தான்.